அத்தியாயம் 9: நடுவழியில் கை வறண்டால்

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வருகிறவர்களுக்குப் பணமுடை பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வந்து சேரும். ஊரிலிருந்து கொண்டுவந்தது முதல் பருவத்தோடு தீர்ந்திருக்கும். பல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் இரண்டாம் தவணை ஜனவரியில்தான் விழும். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக ஆள் எடுத்த கடைகள், புத்தாண்டு பிறந்ததும் ஷிஃப்டைக் குறைத்துவிடும். இந்த நேரம் பார்த்து ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, கல்விக்கடன் கொடுத்த வங்கி அடுத்த தவணையை இழுத்தடித்தாலோ, மாணவர் கையில் அந்த மாத வாடகைகூட இருக்காது.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள்? அறைத்தோழரிடம் கைமாற்று வாங்குகிறார்கள். அடுத்து கிரெடிட் கார்டு. அதற்கும் அடுத்து, விசா அனுமதிக்காத வேலை. எல்லாம் முடிந்து, கட்டணம் கட்டவில்லை என்று கடைசி எச்சரிக்கை வந்த பிறகுதான் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் தலைகீழான வரிசை. பல்கலைக்கழகத்திடம் முதலில் போங்கள். கடன் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இடர்நிதி: யாருக்கு, எதற்கு

ஏறக்குறைய எல்லாப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும், எதிர்பாராத நெருக்கடியில் சிக்கிய மாணவர்களுக்கென்று ஒரு நிதி வைத்திருக்கின்றன. ஹார்ட்ஷிப் ஃபண்ட் என்று கேட்டால் வழிகாட்டுவார்கள்; சில இடங்களில் ஸ்டூடன்ட் சப்போர்ட் ஃபண்ட் என்று பெயர்ப்பலகை இருக்கும். இந்தப் புத்தகத்தில் இடர்நிதி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதைப் பற்றி நம் பிள்ளைகளிடம் இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பது ஒன்று. வாங்கினால் விசா போய்விடும் என்பது இன்னொன்று. மாணவர் விசாவில் அரசு நிதி பெறக்கூடாது என்று நிபந்தனை இருப்பது உண்மைதான். அந்தத் தடை யுனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், சைல்ட் பெனிஃபிட் மாதிரியான அரசு உதவிகளுக்கு. பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து தருவது அந்தப் பட்டியலில் வராது. அறக்கட்டளைகள் தருவதும் வராது, உணவு வங்கி தரும் பையும் வராது. ஆகவே விசாவைக் காரணம் காட்டி யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கை நீட்டுகிறோமே என்று கூசுகிறவர்களுக்காக ஒரு தகவல். கேம்பிரிட்ஜில் மருந்து வணிகராக இருந்த ஜான் கிரேன் 1652-இல் இறந்தபோது, நோயில் விழுந்த ஏழை மாணவர்களுக்கென்று பணம் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரிலான அறநிதியிலிருந்து அங்கே மாணவர்களின் மருத்துவச் செலவுக்கு இன்றும் பணம் போகிறது. படிக்க வந்த இடத்தில் பிள்ளைகள் பணமில்லாமல் திண்டாடுவார்கள் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். உங்களை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

கிடைப்பது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். சில நூறு பவுண்டு கிடைப்பது சாதாரணம். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, ஊருக்கு அவசரமாகப் போய்வர டிக்கெட் என்று வாழ்க்கைச் செலவுக்குத் தருவார்கள். கல்விக் கட்டணத்துக்குப் பெரும்பாலான இடங்களில் தர மாட்டார்கள். அதற்கு வேறு வழி, பின்னால் வருகிறது. முடிவு தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை தாங்காது என்றால் விண்ணப்பத்திலேயே அதை எழுதுங்கள். வட்டியில்லாச் சிறுகடனாகவோ சூப்பர் மார்க்கெட் கூப்பனாகவோ இரண்டொரு நாளில் கொடுக்கும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. ஆனால் கேட்காமல் தர மாட்டார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் தனி ஒதுக்கீடு வைத்திருக்கின்றன. அது சிறியது, ஆண்டு முடிவதற்கு முன்பே காலியாகிவிடும். மே மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போய்க் கேட்பதில் பெருமை எதுவும் இல்லை.

"அந்தப் பணம் எங்கே போனது?"

விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் மனத்தில் எழும் முதல் கேள்வி இது. காரணம் எளிது. விசா வாங்கும்போது ஒன்பது மாதச் செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததாகக் காட்டியிருக்கிறீர்கள். 2025 நவம்பர் முதல் இது லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. அதாவது லண்டனில் படிக்கிறவர் 13,761 பவுண்டும், லீட்ஸிலோ லெஸ்டரிலோ படிக்கிறவர் 10,539 பவுண்டும் கட்டணம் போகக் கையில் இருப்பதாகச் சொல்லித்தான் விமானம் ஏறியிருக்கிறார். இதில் கல்விக்கடனும் அடங்கும். அந்தத் திட்டம் எப்போது, எதனால் உடைந்தது என்பதைத்தான் இடர்நிதிக் குழு அறிய விரும்புகிறது. வறுமையை அவர்கள் அளப்பதில்லை. மாறிய நிலைமையை அளக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். சில ஏஜென்டுகள் வட்டிக்குப் பணம் புரட்டிக் கணக்கில் 28 நாள் 'காட்டி'விட்டு, விசா வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அப்படி வந்தவருக்கு "எங்கே போனது" என்பதற்குச் சொல்ல நல்ல பதில் இல்லை. பொய்க்கதை ஒன்று கட்டிப் போலி ஆவணம் வைத்தால் பணம் மறுக்கப்படுவதோடு நிற்காது, படிப்பும் விசாவும் சேர்ந்து போகும். அந்த நிலையில் இருப்பவர்கள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போவதற்கு முன் மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்துக்குப் போவது நல்லது. சங்கம் பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனித்து இயங்குவது. அங்கே சொல்வதை ரகசியமாக வைப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள். உண்மை நிலவரத்தைச் சொல்லி, எதைக் கேட்கலாம், எதைக் கேட்பதில் பயனில்லை என்று தெரிந்துகொண்டு மேலே போகலாம். சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கும் விண்ணப்பத்தை அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

வங்கிக் கணக்கு அறிக்கை

விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது உருக்கம் குறைந்ததால் அல்ல, வங்கிக் கணக்கு அறிக்கையால். பொதுவாகக் கடைசி மூன்று மாத அறிக்கை கேட்பார்கள். எல்லாக் கணக்கும் என்றால் எல்லாக் கணக்கும்: பார்க்லேஸ், மான்சோ, ரெவலூட், ஊரில் உள்ள ஸ்டேட் பேங்க் அல்லது இந்தியன் வங்கி. ஒரு அறிக்கையில் "மான்சோவுக்கு 200" என்று இருந்து, மான்சோ அறிக்கை உள்ளே இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அதில் ஒரு வாரம் போய்விடும்.

ஒரு காட்சி. ஈஸ்ட் ஹாமில் நான்கு பேர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஒப்பந்தம் ஒருவர் பெயரில். மாதா மாதம் மற்ற மூவரும் ஆளுக்கு 550 பவுண்டு அவர் கணக்கில் போடுவார்கள். அவர் தன் பங்கையும் சேர்த்து 2,200-ஐ வீட்டுக்காரருக்கு அனுப்புவார். இது நமக்கு அன்றாடம். ஆனால் அறிக்கையைப் பார்க்கிற அலுவலருக்குத் தெரிவது, இந்த மாணவருக்கு மாதம் 1,650 பவுண்டு எங்கிருந்தோ வருகிறது என்பது மட்டும். இவருக்கு எதற்கு உதவி என்று மூடிவைத்துவிடலாம், அவர்மேல் தப்பும் இல்லை. ஆகவே அறிக்கையை அச்செடுத்து, நூறு பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு வரி எழுதுங்கள்: "அறைத்தோழர், பிப்ரவரி வாடகைப் பங்கு", "அக்கா அனுப்பியது, கடன்", "குளிர்கால ஜாக்கெட்". எழுதியதை ஸ்கேன் செய்து இணையுங்கள். அரை மணி நேர வேலைதான்.

சூதாட்டச் செயலிகளுக்குப் போன பணம் அறிக்கையில் இருந்தால் பலத்த அடி விழும். கிரிக்கெட் பந்தயத்துக்கு ஐந்து பத்து என்று போனதுகூட வரிவரியாகத் தெரியும். மறைக்க வழி இல்லை. நிறுத்திவிட்டதைச் சொல்லலாம், அதற்கான ஆலோசனை பெறுவதைச் சொல்லலாம். உபர் ஈட்ஸில் பிரியாணி வாங்கியதற்கெல்லாம் யாரும் தூக்கில் போட மாட்டார்கள். மாதம் பதினைந்து தடவை இருந்தால் மட்டும் கேட்பார்கள்.

விளக்கக் கடிதம்

தேதியும் தொகையும் இருக்க வேண்டும்; உருக்கம் வேண்டாம். நம்மவர்கள் எழுதும் கடிதங்கள் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, குடும்பத்தின் பெருமையைச் சொல்லி, கல்வியின் அருமையைச் சொல்லி, இரண்டாம் பக்கத்தில் விஷயத்துக்கு வரும். படிக்கிறவர் அன்றைக்கு முப்பது விண்ணப்பம் பார்க்க வேண்டியிருக்கும். முதல் வரியிலேயே விஷயம் வரட்டும்.

மாதிரிக்கு, சேலத்திலிருந்து லெஸ்டருக்கு வந்த ஒரு மாணவி இப்படி எழுதலாம். இது கற்பனை, ஆனால் அளவு சரியானது:

"என் செலவுக்கு அப்பா மாதம் 300 பவுண்டு அனுப்பிவந்தார். ஜனவரி 14 அன்று அவருக்கு மாரடைப்பு வந்தது. சிகிச்சைக்கு 3,40,000 ரூபாய் செலவானது (மருத்துவமனை ரசீதும் டிஸ்சார்ஜ் குறிப்பும் இணைப்பு 1). அவர் விசைத்தறி ஓட்டுபவர். ஆறு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் (இணைப்பு 2). பிப்ரவரியிலிருந்து பணம் வரவில்லை. வாடகை 480, உணவு 130, பஸ் 60, போன் 10 என்று எனக்கு மாதம் 680 பவுண்டு செலவு. வாரம் எட்டு மணி நேரம் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன், அதில் மாதம் 423 வருகிறது. குறைவது 257. படிப்பு முடிய ஐந்து மாதம் இருப்பதால் 1,285 பவுண்டு கேட்கிறேன். வேலை நேரத்தைக் கூட்டித் தரும்படி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் உடனே தெரிவிப்பேன்."

இவ்வளவுதான். 423 எங்கிருந்து வந்தது என்று குழு சரிபார்க்கும்: மணிக்கு 12.21 பவுண்டு, 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேரம், 52 வாரத்தை 12-ஆல் வகுத்தது. கூட்டல் கழித்தல் சரியாக வரும் விண்ணப்பத்தின் மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும். 'முடிந்ததைத் தாருங்கள்' என்று விடாமல் இவ்வளவு என்று கேட்பதும் அவர்களுக்கு வசதி. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தன்னால் ஆனதையும் செய்கிறாள் என்று அது சொல்லிவிடுகிறது.

தமிழில் உள்ள சான்றுகளை மொழிபெயர்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழாக இருந்தால் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பே கேட்கலாம். தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் பலவற்றில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், அது ஒரு நிம்மதி. சான்று கிடைக்கத் தாமதமானால் அதற்காக விண்ணப்பத்தை நிறுத்திவைக்காதீர்கள். "பத்து நாளில் தருகிறேன்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

கட்டண பாக்கியும் விசாவும்

வாழ்க்கைச் செலவு ஒரு பக்கம். கல்விக் கட்டணத் தவணை தவறுவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர் பல்கலைக்கழகம். கட்டணம் கட்டாததால் உங்களைப் படிப்பிலிருந்து நீக்கினால், பத்து வேலை நாளுக்குள் அதை உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்த பிறகு விசா குறுக்கப்படும். நாட்டைவிட்டுப் போகப் பொதுவாக 60 நாள் தருவார்கள்.

நைஜீரிய நாணயமான நைரா 2023-இல் சரிந்தபோது, டீஸ்சைட் பல்கலைக்கழகத்தில் படித்த நைஜீரிய மாணவர்கள் சிலருக்கு இதுதான் நடந்தது. ஊரில் இருந்த சேமிப்பு பவுண்டுக் கணக்கில் கரைந்துபோய்த் தவணை தவறினார்கள். படிப்பிலிருந்து நீக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறும்படி அறிவிப்பும் வந்தது. 2024 மே மாதம் இது பெரிய செய்தியானது. ஈழத்துப் பெற்றோருக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், மே மாதத்துக்குள் 360 ரூபாய் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் காணி விற்று வங்கியில் போட்டிருந்த பணம் போட்டபடியே இருந்தது, இங்கே கட்ட வேண்டியதுதான் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நாணயச் சரிவும் எதிர்பாராத இடர்தான். சேர்ந்த நாளின் மாற்று விகிதத்தையும் இன்றைய விகிதத்தையும் அச்செடுத்து இணைத்தால் அதுவே சான்று.

தவணைத் தேதிக்கு முன்பே நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பாக்கியை மூன்று நான்காகப் பிரித்துக் கட்டுவதற்கு ஒரு திட்டத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: மார்ச் 30-இல் இவ்வளவு, ஏப்ரல் 30-இல் இவ்வளவு. தேதி தாண்டி வரும் வேண்டுகோளைவிடத் தேதிக்கு முன் வரும் திட்டத்துக்குச் சம்மதம் கிடைப்பது எளிது. ஊரில் வங்கி இழுத்தடிக்கிறது என்றால், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கி அப்பாவுக்கு அனுப்புங்கள். கிளை மேலாளர் மேஜையில் பல்கலைக்கழக முத்திரையுள்ள காகிதம் செய்யும் வேலையை நாலு தொலைபேசி அழைப்பு செய்யாது.

விடுதி வாடகை பாக்கியைக் காட்டி "பட்டம் தர மாட்டோம்" என்று சொன்னால் எதிர்த்துக் கேளுங்கள். விடுதி, நூலக அபராதம் மாதிரி படிப்போடு தொடர்பில்லாத பாக்கிக்காகப் பட்டத்தை நிறுத்திவைப்பது நுகர்வோர் சட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்று அப்போதிருந்த நியாய வணிக அலுவலகம் 2014-லேயே சொல்லிவிட்டது. கல்விக் கட்டண பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

படிப்பைச் சில மாதம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வரலாமா? போகலாம், ஆனால் விடுப்பு 60 நாளைத் தாண்டினால் பல்கலைக்கழகம் ஸ்பான்சர் செய்வதைப் பொதுவாக நிறுத்திவிடும். திரும்பி வரப் புது விசா, புது நிதிச் சான்று, திரும்பவும் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம். முன்பு கட்டியதில் மீதியைத் தர மாட்டார்கள். அப்பாவின் காரியத்துக்குப் போகிறவர், ஆறு வாரத்தில் திரும்ப முடியுமா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. போகும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் விடுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைப் பேராசிரியர் வாய்மொழியாக "போய் வா" என்றது போதாது.

பணம் வரும் வரை

சாப்பாடு. டிரசல் அமைப்பின் உணவு வங்கிகள் நாடு முழுக்க உண்டு. நேரே போனால் தர மாட்டார்கள். மாணவர் சங்கம், மருத்துவர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் இவர்களில் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். குறைந்தது மூன்று நாளுக்கான பொருள் கொடுப்பார்கள். பாஸ்தா, டின்னில் அடைத்த பீன்ஸ், தானிய உணவு, கெடாத பால். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லலாம். டின் கொண்டைக்கடலை வந்தால் தண்ணீரை வடித்துவிட்டுக் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் சுண்டல், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. சீக்கியக் குருத்வாராக்களில் லங்கர் உணவு எல்லோருக்கும் உண்டு. சவுத்ஹாலில் இருப்பது பெரியது, லெஸ்டரிலும் பர்மிங்காமிலும் இருக்கின்றன. தலையில் ஒரு துணி கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நம் கோவில்களிலும் அன்னதானம் உண்டு, நாள் விசாரித்துக்கொண்டு போங்கள்.

மருந்து. மருத்துவக் கட்டணம் கட்டி வந்திருப்பதால் டாக்டரைப் பார்க்கக் காசில்லை. இங்கிலாந்தில் மட்டும் மருந்துச் சீட்டின் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் கிடையாது. எச்.சி.1 என்ற படிவத்தை நிரப்பி வருமானக் குறைவைக் காட்டினால் எச்.சி.2 சான்றிதழ் வரும். அதை வைத்து மருந்தும் பல் சிகிச்சையும் கண் பரிசோதனையும் இலவசம். இதுவும் தடை செய்யப்பட்ட அரசு நிதியில் சேராது.

வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் வரி இல்லை. பலர் நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய்க் கட்டிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்று வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். கட்டியது திரும்பி வரும்.

ராத்திரியில் தனியாக உட்கார்ந்து நினைப்பு தப்பான பக்கம் போனால் 116 123-க்குப் பேசுங்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பு, எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

தொடக்கூடாத பணம்

விசா விதிப்படி பருவ காலத்தில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் முப்பது என்று சராசரி போட முடியாது. முதுகலை மாணவர்கள் தவறுகிற இடம் கோடைக்காலம். இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஜூனில் விடுமுறை விட்டாலும், உங்களுக்கு ஆய்வேடு எழுதும் மாதங்கள் பொதுவாகப் பருவ காலமாகவே கணக்கு. இருபதைத் தாண்டக்கூடாது. சொந்தத் தொழிலும் கூடாது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் ஓட்டுவது சொந்தத் தொழிலாகத்தான் எண்ணப்படும். அடுத்தவர் கணக்கை வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம்.

இன்னொன்று, கேட்க அப்பாவித்தனமாக இருக்கும். ஊர்க்கார அண்ணன் ஒருவர் வருவார். "தம்பி, என் அக்கவுன்ட்ல ஏதோ பிரச்சினை. 800 பவுண்டு உன் அக்கவுன்ட்டுக்கு வரும், 750-ஐ எடுத்துக் குடுத்துட்டு 50-ஐ நீ வெச்சுக்கோ" என்பார். பணமில்லாத மாணவர்களைத் தேடித்தான் இப்படி வருகிறார்கள். அது பெரும்பாலும் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். வங்கி உங்கள் கணக்கை மூடும். சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஆறு ஆண்டு இருக்கும். அதன் பிறகு புதுக் கணக்கு தொடங்குவதும் போன் ஒப்பந்தம் வாங்குவதும் பெரும்பாடு. பணச்சலவைக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை.

உண்டியல் முறையில் பணம் வாங்குவதிலும் இதே பொறி இருக்கிறது. ஊரில் அப்பா ரூபாயைக் கொடுப்பார், இங்கே முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து பவுண்டு வரும். அப்பா கொடுத்தது நல்ல பணம்தான். இங்கே வந்த பவுண்டு யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இடர்நிதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வரவுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? கமிஷன் கொஞ்சம் கூடினாலும் வங்கி வழியே போகட்டும்.

ஆய்வு மாணவர்களும் இங்கேயே வளர்ந்தவர்களும்

முனைவர் பட்ட மாணவர்கள் இடர்நிதிக்கு முன்னால் தங்கள் உதவித்தொகை விதிகளைப் படிக்க வேண்டும். அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூ.கே.ஆர்.ஐ.யின் உதவித்தொகை வாங்குகிறவருக்கு (2025-26-இல் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 20,780 பவுண்டு) மருத்துவர் சான்று இருந்தால் நோய் விடுப்பிலும் குறிப்பிட்ட காலம் பணம் வரும், மகப்பேற்று விடுப்பும் உண்டு. இது தெரியாமல் நோயோடு ஆய்வகத்துக்குப் போகிறவர்களும், விடுப்பு சொல்லாமல் நின்றுவிட்டுப் பணம் போயிற்றே என்று முழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் இருப்பவருக்கு அரசின் முதுகலைக் கடன் உண்டு. 2025-26-இல் தொடங்குகிறவருக்கு 12,858 பவுண்டு வரை. வட்டி என்று தயங்கி அதை எடுக்காமல் விட்டிருந்தால், பல பல்கலைக்கழகங்கள் "முதலில் அதை எடுத்துவிட்டு வா" என்று இடர்நிதி விண்ணப்பத்தைத் திருப்பிவிடும்.

மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் ஆவணம் குறைந்ததால் வருபவை. அதைச் சேர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். மறுபரிசீலனைக்குப் பெரும்பாலும் பத்து இருபது நாள் என்று குறுகிய கெடு இருக்கும், மறுப்பு வந்த அன்றே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் முடிந்த பிறகும் விதிப்படி நடத்தவில்லை என்று நினைத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான தனி நடுவர் அலுவலகம் இருக்கிறது. பல்கலைக்கழகம் தரும் நடைமுறை முடிவுக் கடிதத்திலிருந்து 12 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் விவகாரம், நாளைய வாடகைக்கு உதவாது.

நாளைய வாடகைக்கு அறக்கட்டளைகளைத்தான் பார்க்க வேண்டும். டர்ன்டூஅஸ் அமைப்பின் தேடுபொறியில் ஊர், படிப்பு, வயது, நோய், பெற்றோரின் தொழில் என்று கொடுத்தால் பொருந்தும் நிதிகளைப் பட்டியலிடும். சிறிய தொகைகள், விசித்திரமான நிபந்தனைகள். பொருந்திவிட்டால் போட்டி குறைவு. பல்கலைக்கழகத்தின் மறுப்புக் கடிதத்தை இவர்களில் பலர் கேட்பார்கள், கிழித்துப் போடாதீர்கள்.

எதுவும் சரிவராமல் ஊர் திரும்பவும் வழியில்லாத இந்தியக் குடிமக்களுக்கு, லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட்டுக்கு உதவ முடியும். 2009-இல் ஏற்படுத்தப்பட்ட நிதி அது; வசதியில்லை என்பதற்குச் சான்று கேட்பார்கள். அப்படிப் போகிறவர்களும் பல்கலைக்கழகத்திடம் முறைப்படி விலகல் கடிதம் கொடுத்து, அதுவரை முடித்த பாடங்களுக்கு முதுகலைச் சான்றிதழோ டிப்ளமாவோ தர முடியுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 60 கிரெடிட் முடித்தவருக்குச் சான்றிதழும் 120 முடித்தவருக்கு டிப்ளமாவும் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன.